ஜெட் எஞ்சின் வைத்த ஜாகுவார்

2010-ஆம் ஆண்டு பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஜாகுவார் நிறுவனம் திரை விலக்கிக் காட்டிய காரின் பின்பக்கக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தவர்கள் அங்கே பெரிய வி8 எஞ்சினையோ வி12 எஞ்சினையோ எதிர்பார்த்திருப்பார்கள். சூப்பர்கார் என்றால் அதுதானே வழக்கம். ஆனால் அந்த இடத்தில் இரண்டு குட்டி ஜெட் எஞ்சின்கள் பக்கம்பக்கமாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் எடையும் 35 கிலோ. ஒரு பள்ளிச் சிறுவனின் எடை. சுழலும் வேகமோ நிமிடத்துக்கு 80,000 சுற்று. சாதாரணப் பெட்ரோல் கார் எஞ்சின் 6,000, 7,000 சுற்றிலேயே மூச்சு வாங்கத் தொடங்கிவிடும்.

காரின் பெயர் சி-எக்ஸ்75. ஜாகுவார் என்ற பெயர் முதன்முதலில் ஒரு காரின் மேல் ஏறியது 1935-இல். அதன் 75-ஆம் ஆண்டைக் கொண்டாடத்தான் இந்தக் கார். வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் இயன் கேலம். 1966-இல் லே மான் பந்தயத்துக்காகக் கட்டப்பட்டு, ஒரு பந்தயத்தில்கூட ஓடாமல் போன எக்ஸ்ஜே13 என்ற பழைய ஜாகுவாரின் சாயல் இதில் உண்டு. ஓடாத காரை முன்னோடியாக எடுத்துக்கொண்டது நல்ல சகுனமா என்று அன்றைக்கு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தோற்றத்தை ரசித்தவர்கள் ஏராளம். இன்று படத்தைப் பார்த்தாலும் அதற்கு வயதானதாகத் தோன்றாது. இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது தோல் அல்ல, உள்ளே இருந்த சங்கதி.

காருக்கு ஜெட் எஞ்சின் பொருத்தும் ஆசை ஜாகுவாருக்கு முன்பே பலருக்கு இருந்தது. பெயர்தான் ஜெட், விமானத்தில் நடப்பதுபோலப் புகையைப் பின்னால் பீய்ச்சி வண்டியைத் தள்ளுவதில்லை. காற்றை உள்ளே இழுத்து, கம்ப்ரஸரால் அழுத்தி, எரிபொருளைத் தெளித்து எரித்து, அந்தச் சூடான வாயுவால் ஒரு விசிறிச் சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். அதன் அச்சிலிருந்து சக்தியை எடுத்துக்கொள்கிறார்கள். இதற்குக் கேஸ் டர்பைன் என்று பெயர். பிஸ்டன் மேலும் கீழும் ஓடுவதில்லை, வால்வுகள் அடித்துக்கொள்வதில்லை, எல்லாம் ஒரே திசையில் சுழல்கின்றன. அதனால் அதிர்வு குறைவு, நகரும் பாகங்கள் குறைவு, எடையும் குறைவு. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது எந்தப் பொறியாளருக்கும் இதைக் காரில் வைத்துப் பார்க்கத் தோன்றியிருக்கும்.

பிரிட்டனின் ரோவர் நிறுவனம் முந்திக்கொண்டது. 1950-இல் அது ஜெட்1 என்ற காரை ஓட்டிக் காட்டியது. 1952-இல் பெல்ஜியத்தின் யாபெக்கா நெடுஞ்சாலையில் அந்தக் கார் மணிக்கு 240 கிலோமீட்டருக்கு மேல் பறந்தது. ஆனால் லிட்டருக்கு இரண்டு, இரண்டரை கிலோமீட்டர்தான் ஓடியது. போரின் ரேஷன் கெடுபிடி முழுதாக விலகியிராத நாட்டில் அப்படியொரு காரை யார் வாங்குவார்? 1963-இல் அதே ரோவரும் பிஆர்எம் பந்தய அணியும் சேர்ந்து ஒரு டர்பைன் காரை லே மானில் இறக்கின. கிரஹாம் ஹில்லும் ரிச்சி கிந்தரும் ஓட்டினார்கள். போட்டிக் கணக்கில் சேராத வண்டி என்பதால் அதன் எண் 00. இருபத்து நான்கு மணி நேரமும் தாக்குப்பிடித்து ஓடி முடித்தது. (ரோவரிலிருந்து பிறந்த லேண்ட் ரோவர் இன்று ஜாகுவாரின் உடன்பிறப்பு, இரண்டையும் 2008-இல் வாங்கியது டாட்டா மோட்டார்ஸ்.)

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் கிரைஸ்லர் இன்னும் துணிச்சலாக இறங்கியது. 1963 முதல் 1966 வரை, 50 டர்பைன் கார்களை அமெரிக்கக் குடும்பங்களுக்கு மூன்று மாதம், மூன்று மாதமாகச் சும்மாவே ஓட்டக் கொடுத்தது. மொத்தம் 203 பேர் ஓட்டினார்கள். டீசல், மண்ணெண்ணெய், கடலை எண்ணெய் என எரியக்கூடிய திரவம் எதை ஊற்றினாலும் ஓடியது. மெக்சிகோ அதிபர் தம் நாட்டு டெக்கிலா மதுவை ஊற்றி ஓட்டிப் பார்த்தார். வேடிக்கை என்னவென்றால், அந்நாளில் அமெரிக்கப் பெட்ரோல் நிலையங்களில் கிடைத்த ஈயம் கலந்த பெட்ரோல்தான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஈயப் படிவு டர்பைனுக்கு ஆகாது. திட்டம் முடிந்ததும் ஒன்பது கார்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றையெல்லாம் நொறுக்கிப்போட்டார்கள்.

இத்தனை பேர் முயன்றும் டர்பைன் கார் ஏன் நிலைக்கவில்லை? முதல் காரணம், டர்பைனுக்கு முழு வேகம் ஒன்றுதான் பிடிக்கும். அந்த வேகத்துக்கென்று செதுக்கிய இறக்கைகள் பாதி வேகத்தில் சரியாக வேலை செய்யாது. சிக்னலில் வண்டி நிற்கும்போதும் கம்ப்ரஸரைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கிரைஸ்லர் டர்பைன் சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு 20,000 சுற்றை ஒட்டி ஓடியது. அதற்கு எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் சீறிப் பாயாது. சுழல்வேகம் ஏறி வரும்வரை ஒன்றிரண்டு நொடி காத்திருக்க வேண்டும். முந்திச் செல்ல நினைப்பவருக்கு அந்த நொடிகள் நீளமானவை.

மூன்றாவது காரணம் கொஞ்சம் ஆழமானது. டர்பைன் பெரிதாக இருக்கும்வரைதான் அதற்கு மவுசு. இறக்கையின் நுனிக்கும் சுற்றியுள்ள உறைக்கும் இடையே மயிரிழை இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் உரசும். டர்பைனைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கலாம். அந்த இடைவெளியை அதே அளவுக்குச் சுருக்க எந்தப் பட்டறையாலும் முடியாது. ஆகவே சிறிய டர்பைனில் அந்தச் சந்து வழியாக வீணாகத் தப்பிக்கும் காற்றின் பங்கு கூடிவிடும். விமான எஞ்சினில் இறக்கைகளுக்குள்ளேயே நுண்துளைகள் போட்டுக் குளிர்ந்த காற்றை ஓடவிடுவதால், உலோகம் தாங்காத சூட்டிலும் அவை நிற்கின்றன. விரல்நக அளவு இறக்கையில் துளை போட இடமேது? சூட்டைக் குறைத்தே ஓட்ட வேண்டும். சூடு குறைந்தால் திறனும் குறையும். இது வெப்ப இயக்கவியல் விதி; எந்தப் பொறியாளரின் சாமர்த்தியத்துக்கும் அது வளைந்துகொடுக்காது.

ஜாகுவார் பொறியாளர்கள் இந்த மூன்று குறைகளில் முதல் இரண்டையும் ஒரே அடியில் தட்டிவிட்டார்கள். டர்பைனைச் சக்கரத்தோடு இணைக்கவே இல்லை. காரை ஓட்டியவை நான்கு மின்மோட்டார்கள், சக்கரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் 195 குதிரைத்திறன், மொத்தம் 780. அவற்றுக்கு மின்சாரம் தருவது 19.6 கிலோவாட்-மணி லித்தியம் அயனி பேட்டரி. டர்பைன்களின் வேலை ஜெனரேட்டரைச் சுழற்றி மின்சாரம் எடுப்பது மட்டும்.

வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் இந்த ஏற்பாடு சட்டென்று பிடிபடும். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் தன்போக்கில், ஒரே சீராக ஓடித் தொட்டியை நிரப்புகிறது. கீழே குழாயை யார் எப்போது திறக்கிறார்கள், மூடுகிறார்கள் என்பது அதன் கவலை இல்லை. பேட்டரிதான் தொட்டி. டர்பைன் தனக்குப் பிடித்த 80,000 சுற்றில் ஓடலாம், அல்லது அணைந்து கிடக்கலாம். பாதி வேகம் என்ற பேச்சே இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பதில் சொல்வது மின்மோட்டார். அதற்குத் தயக்கம் என்பதே கிடையாது.

டர்பைன்களைச் செய்தது பிளேடன் ஜெட்ஸ் என்ற சிறிய பிரிட்டிஷ் நிறுவனம். இறக்கைகளைத் தனித்தனியாகச் செருகாமல் முழு வட்டையும் ஒரே உலோகத் துண்டிலிருந்து நுணுக்கமாகக் கடைந்தெடுக்கும் வித்தை அவர்கள் கையில் இருந்தது. டாட்டா அந்த நிறுவனத்தில் பங்கும் வாங்கியது. அந்த இரு டர்பைன்களுக்கும் காற்று ஏராளமாக வேண்டும் என்பதால் காரின் உடலே காற்று செல்லும் வழியாக வடிவெடுத்தது. இருக்கைகளைக்கூட அசையாதபடி பின்சுவரோடு பொருத்திவிட்டு, ஸ்டியரிங்கையும் மிதிகளையும் ஓட்டுநரை நோக்கி நகர்த்திக்கொள்ளும்படி அமைத்தார்கள்.

ஜாகுவார் அறிவித்த எண்கள் மயக்கின. மணிக்கு 330 கிலோமீட்டர் உச்ச வேகம். 3.4 நொடியில் நூறைத் தொடும். பேட்டரியில் மட்டும் 110 கிலோமீட்டர். 60 லிட்டர் தொட்டியும் சேர்ந்தால் 900 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு வெறும் 28 கிராம் கரியமில வாயு.

இந்த எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது சுவாரஸ்யமானது.

நான்கு மோட்டார்களும் முழுத் திறனில் கேட்பது 580 கிலோவாட். இரண்டு டர்பைன்களும் சேர்ந்து தருவது 140. மீதி 440 கிலோவாட்டைப் பேட்டரிதான் தர வேண்டும். 19.6 கிலோவாட்-மணி பேட்டரி அந்தச் சுரண்டலை மூன்று நிமிடம்கூடத் தாங்காது. அதன்பிறகு 780 குதிரைத்திறன் காரில் கையிலிருப்பது 188 குதிரைத்திறன். பந்தயத் தடத்தில் நாள்முழுதும் விரட்ட நினைப்பவருக்கு இது ஏமாற்றம். நெடுஞ்சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டரில் போகிறவருக்கோ இருபது கிலோவாட் அளவில் போதும். ஒரே ஒரு டர்பைன் அதைக் கொடுத்துவிட்டுப் பேட்டரியையும் நிரப்பும். சூப்பர்காரை வாங்குகிறவர் இரண்டில் எதற்காக வாங்குவார் என்பதுதான் கேள்வி.

அடுத்தது எரிபொருள் கணக்கு. 19.6 கிலோவாட்-மணியில் 110 கிலோமீட்டர் என்றால், தொட்டியிலுள்ள டீசலைக் கொண்டு மீதி 790 கிலோமீட்டர் போக ஏறக்குறைய 140 கிலோவாட்-மணி மின்சாரம் வேண்டும். 60 லிட்டர் டீசலுக்குள் அடங்கியிருக்கும் ஆற்றலோ 600 கிலோவாட்-மணி. அதாவது நிறுவனமே சொன்ன எண்களின்படி, டர்பைன் தன் எரிபொருளில் கால்பங்குக்கும் குறைவாகத்தான் மின்சாரமாக்கியது. நல்லதொரு டீசல் கார் எஞ்சின் உகந்த நிலையில் 40 விழுக்காடு வரை எட்டும். இரண்டு டர்பைன்களும் முழு வேகத்தில் ஓடினால் 400 கிலோவாட்டுக்கு மேல் வெறும் சூடாக வால்பக்கம் வெளியேறும். சூட்டை மீட்டெடுத்து உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் வெப்பமாற்றியைச் சேர்த்தால் நிலைமை மேம்படும்; கிரைஸ்லர் அதைத்தான் செய்தது. ஆனால் வெப்பமாற்றி பருமனும் எடையும் உள்ள பொருள். 35 கிலோ என்ற பெருமை அத்தோடு போய்விடும்.

28 கிராம் என்பதும் பொய்யில்லை. ஆனால் அது அன்றைய ஐரோப்பியச் சோதனை முறை பெற்றெடுத்த எண். பிளக்கில் செருகிச் சார்ஜ் ஏற்றும் கார், பேட்டரி தீர்ந்ததும் 25 கிலோமீட்டர்தான் எரிபொருளில் ஓடும், பிறகு மறுபடி சார்ஜ் ஏறிவிடும் என்று அந்த முறை வைத்துக்கொண்டது. 60 லிட்டரில் 790 கிலோமீட்டர் என்ற கணக்கை எடுத்தால், டர்பைன் ஓடும்போது வெளிவருவது கிலோமீட்டருக்கு 200 கிராமை ஒட்டி இருக்கும். இந்தச் சலுகையை அனுபவித்தது ஜாகுவார் மட்டுமில்லை. அந்தக் காலத்து பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் எல்லாமே இப்படித்தான் விளம்பரத்தில் பச்சை பூசிக்கொண்டன.

2011 மே மாதம் ஜாகுவார் ஒரு முடிவை அறிவித்தது. சி-எக்ஸ்75 விற்பனைக்கு வரும். அதிகபட்சம் 250 கார்கள். விலை 7 லட்சம் பவுண்டு முதல் 9 லட்சம் பவுண்டு வரை. அன்றைய மதிப்பில் ஐந்து கோடியிலிருந்து ஆறரைக் கோடி ரூபாய். வில்லியம்ஸ் ஃபார்முலா ஒன் அணியோடு சேர்ந்து கட்டுவார்கள். அறிவிப்பில் ஒரு சேதி அடக்கமாக இருந்தது: டர்பைன் கிடையாது.

மேலே போட்ட கணக்கைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. டர்பைனை எப்போதாவது எதிர்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு, அதன் இடத்தில் வெறும் 1.6 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை வைத்தார்கள். குடும்ப கார் அளவு எஞ்சின்தான். ஆனால் சூப்பர்சார்ஜர் ஒன்று, டர்போசார்ஜர் ஒன்று என இரட்டைக் காற்றூட்டம். 10,000 சுற்று வரை ஓடி 502 குதிரைத்திறன் கொடுத்தது. அதாவது லிட்டருக்கு முந்நூறுக்கும் மேல். மெல்ல ஓடும்போது சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்திக் கொடுக்கும், வேகம் ஏறியதும் டர்போ பொறுப்பேற்கும். முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று என இரண்டு மின்மோட்டார்கள் துணை. எல்லாம் சேர்ந்து 850 குதிரைத்திறனுக்கு மேல். பேட்டரியில் மட்டும் 60 கிலோமீட்டர் சத்தமில்லாமல் போகும். பொறியியல் நோக்கில் இது டர்பைன் காரைவிடக் கடினமான, நேர்த்தியான வேலை என்றே சொல்ல வேண்டும். சுவரொட்டியில் ஒட்டிக்கொள்ள டர்பைன் அழகு, 1.6 லிட்டரில் 502 குதிரைத்திறனை உடையாமல் எடுப்பது அதைவிடப் பெரிய சாதனை.

இப்படி எஞ்சினை மாற்றுவதில் ஜாகுவாருக்குக் கசப்பான முன்னனுபவம் ஒன்று உண்டு. 1988-இல் பர்மிங்ஹாமில் எக்ஸ்ஜே220 என்ற காரை வி12 எஞ்சின், நான்கு சக்கர இயக்கம் என்று காட்டி, ஆளுக்கு 50,000 பவுண்டு முன்பணம் வாங்கினார்கள். 1992-இல் கார் வந்தபோது உள்ளே இருந்தது இரட்டை டர்போ வி6, இயக்கம் பின்சக்கரங்களுக்கு மட்டும், விலையும் ஏறியிருந்தது. நடுவே பொருளாதாரமும் சரிந்தது. வாங்க வந்தவர்களில் சிலர் வழக்குமன்றத்துக்குப் போனார்கள். 350 கார் செய்வதாக இருந்த இடத்தில் 300-ஐக்கூட எட்டவில்லை. அது அந்நாளில் உலகின் மிக வேகமான கார்களில் ஒன்று என்பது அந்தச் சண்டையில் அமுங்கிப்போயிற்று.

சி-எக்ஸ்75-இல் வழக்கு எதுவும் வரவில்லை. 2012 டிசம்பரில் திட்டமே கைவிடப்பட்டது. கார் ஓடாமலா? ஓடியது. நான்கைந்து முன்மாதிரிகளைக் கட்டி, சோதனைத் தடத்தில் விரட்டி, சொன்ன வேகங்களை எட்டியிருந்தார்கள். 2013-இல் பத்திரிகையாளர்களையும் அழைத்து ஓட்டச் சொன்னார்கள், ஓட்டியவர்கள் மெச்சினார்கள். நிறுவனம் சொன்ன காரணம் பொருளாதாரம். சிக்கன நடவடிக்கைகள் பேசப்பட்ட காலத்தில் கோடிக்கணக்கில் விலைபோகும் காரை விற்பது பொருத்தமாக இராது என்றும், அந்தப் பணத்தையும் ஆட்களையும் அதிகம் விற்கும் கார்களுக்குத் திருப்புவது மேல் என்றும் நினைத்தார்கள்.

பின்னோக்கிப் பார்த்தால், வாங்குவோரைப் பற்றிய அந்தக் கணிப்பு தப்பு. சி-எக்ஸ்75 பாரிஸுக்கு வந்த அதே 2010-இல், ஜெனீவாவில் போர்ஷே 918 ஸ்பைடர் என்ற ஹைபிரிட் சூப்பர்காரை மாதிரியாகக் காட்டியது. போர்ஷே பின்வாங்கவில்லை; பெயருக்கேற்ப 918 கார்களைக் கட்டி அத்தனையையும் விற்றது. மெக்லாரன் பி1 என்ற ஹைபிரிட் காரில் 375-உம் விலைபோயின. ஃபெராரியின் ஹைபிரிட்டான லாஃபெராரியை வாங்கப் பணம் இருந்தால்மட்டும் போதாது, நிறுவனமே ஆளைத் தேர்ந்தெடுத்தது. மூன்றிலும் பேட்டரி சின்னது, 918-இல் 6.8 கிலோவாட்-மணி, பி1-இல் 4.7. ஜாகுவாரோ 19-ஐ ஒட்டி வைத்திருந்தது. மின்சாரத்தில் நிஜமாகவே ஊரைச் சுற்றிவரக்கூடிய ஒரே சூப்பர்கார் அதுவாக இருந்திருக்கும்.

டர்பைன் விஷயத்தில் மட்டும் ஜாகுவார் எடுத்த முடிவு சரியே. 2010-இல் டர்பைன் ஒரு நியாயமான விடை. பேட்டரி சிறிதாகவும் விலை கூடியதாகவும் இருந்தவரை, கூடவே ஒரு இலகுவான ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு போவதில் அர்த்தம் இருந்தது. ஆனால் இரண்டே ஆண்டில், 2012 ஜூனில், டெஸ்லா மாடல் எஸ் 85 கிலோவாட்-மணி பேட்டரியோடு சாலைக்கு வந்துவிட்டது. ஒரே சார்ஜில் 400 கிலோமீட்டரைத் தாண்டும் கார் கடையில் கிடைக்கும்போது, எரிபொருளில் முக்கால்வாசியைச் சூடாக ஊதித்தள்ளும் ஜெனரேட்டர் எதற்கு? பிளேடன் நிறுவனமும் பிற்பாடு கார்களை விட்டுவிட்டுக் கைபேசி கோபுரங்களுக்கான 12 கிலோவாட் ஜெனரேட்டர் பக்கம் போயிற்று. ஒரே வேகத்தில் நாள்முழுதும் ஓடும் அந்த வேலைதான் டர்பைனின் சுபாவத்துக்கும் பொருத்தம்.

உழைப்பு முழுதும் வீணாகிவிடவில்லை. வில்லியம்ஸின் பொறியியல் பிரிவு 2014-இல் தொடங்கிய ஃபார்முலா ஈ மின்பந்தயத்தின் முதல் பருவத்தில் எல்லாக் கார்களுக்கும் பேட்டரி செய்து கொடுத்தது. 2016-இல் ஜாகுவார் அதே பந்தயத்துக்குள் வந்தபோது கைகோத்ததும் வில்லியம்ஸோடுதான். 2018-இல் ஜாகுவாரின் முதல் முழு மின்சாரக் கார் ஐ-பேஸ், 90 கிலோவாட்-மணி பேட்டரியும் அச்சுக்கொரு மோட்டாருமாகச் சந்தைக்கு வந்தது. வடிவமைப்புப் பொறுப்பு அதே இயன் கேலம்.

சி-எக்ஸ்75-ஐ உலகம் அதிகமாகப் பார்த்தது திரையரங்கில். 2015-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'ஸ்பெக்டர்'-இல், ரோம் நகரத் தெருக்களில் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டினைத் துரத்தும் வில்லனின் கார் இதுதான். படிக்கட்டுகளில் இறங்கவும் கல்பாவிய தெருக்களில் துள்ளவும் நுட்பமான ஹைபிரிட் அமைப்பு சரிப்படாது என்பதால், உறுதியான இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் அதே உருவத்தைப் போர்த்திச் சண்டைக் காட்சிக் கார்களை வில்லியம்ஸ் தனியாகக் கட்டியது. அவற்றில் ஒன்றைப் பிற்பாடு ஒருவர் வாங்க, இயன் கேலம் ஜாகுவாரை விட்டு வெளியேறித் தொடங்கிய நிறுவனம் அதைச் சட்டப்படி பொதுச்சாலையில் ஓட்டத்தக்க வண்டியாக 2024-இல் மாற்றிக் கொடுத்தது. அந்தக் காரில் டர்பைனும் இல்லை, மின்மோட்டாரும் இல்லை. இருப்பது சூப்பர்சார்ஜர் பூட்டிய 5 லிட்டர் பெட்ரோல் வி8.